ஒரு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது கிராம்

நீங்கள் கடைசியாக வாங்கிய மின்சாதனத்தின் பெட்டியில் ஒரு எண் அச்சிட்டிருந்ததே, அது உண்மைதான் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? பெட்டியே சொன்னது என்பீர்கள். கடைக்காரர் சொன்னார் என்பீர்கள். கொஞ்சம் விவரமானவராக இருந்தால், இணையத்தில் ஒருவர் சோதித்துப் பார்த்து எழுதியிருந்தார் என்பீர்கள். இது அந்த ஒருவரின் கதை.

இணையத்தில் அவருக்குத் ‘தராசு’ என்று பெயர். அலுவலகத்தில் ‘கேம்ஸ்’. நாற்பத்தாறு வயதில் கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுகிறவருக்கு அலுவலகம் வேறு என்ன பெயர் வைக்கும்? வீட்டில் பெயரே தேவைப்படவில்லை. ‘என்னங்க’ என்றால் அவர்தான். ‘அந்த ரூம்ல இருக்கற மனுஷன்’ என்றாலும் அவர்தான்.

பிழைப்பு, எடை அளவு அலுவலகத்தில் சோதனை உதவியாளர் வேலை. காலையில் ஆய்வாளரோடு ஜீப்பில் ஏறிச் சந்தைக்குப் போவார். ஜீப்பைக் கண்டதும் கடைக்காரர் ஓர் எடைக்கல்லை நீட்டுவார். அதை வாங்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கற்ற விதி அது. நீட்டப்படும் கல் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அதிகாரி வந்தால் நீட்டுவதற்கென்றே ஒரு ஜதைக் கல்லைத் துணியில் சுற்றி வைத்திருப்பவர்கள் உண்டு. வியாபாரம் நடக்கிற கல் மேஜையில், அழுகல் இலைகளுக்கு நடுவே கிடக்கும். அதை நாமே குனிந்து எடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடங்களாக அவர் குனிந்து எடுத்திருக்கிறார்.

அப்படி எடுத்ததில் மாட்டிக்கொண்டவர்கள் யார் என்று கேட்டால் அவருக்கு முகம் சுருங்கும். பத்து கிராம், இருபது கிராம் குறைந்த தள்ளுவண்டிக்காரர்கள். ஸ்பிரிங் தேய்ந்துபோன பழைய தராசை மாற்ற வக்கில்லாதவர்கள். கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் ஆய்வாளர் காபி குடித்துவிட்டுக் கிளம்புவார். அந்தக் காபி ஆறும்வரை வெளியே ஜீப்பில் உட்கார்ந்திருப்பது இவருடைய வேலையின் இன்னொரு பகுதி.

அந்த எரிச்சலைத்தான் அவர் வீட்டுக்கு எடுத்து வந்து, பின்னறையில் வைத்துச் செலவழித்தார். கம்ப்யூட்டர் பாகங்களையும் விளையாட்டுகளையும் காசு கொடுத்து வாங்கி, அளந்து பார்த்து, ஓர் இணைய மன்றத்தில் எழுதுவார். பதினோரு வருடங்கள். யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை; தரக்கூடாது என்பதும் அவர் கொள்கை.

கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. காசு கட்டினால் வாள் கூர்மையாகிற விளையாட்டு விளையாட்டே அல்ல, அது கல்லாப்பெட்டி என்று எழுதினார். ‘அதிசயப் பரிசு’ என்று மூடிய பெட்டியை விற்கும் ஒரு விளையாட்டில் இருநூறு பெட்டிகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் என்ன வந்தது என்று தாளில் குறித்தார். விளம்பரத்தில் காட்டிய கவசம் ஒரே ஒரு முறைதான் வந்தது. ‘இதைச் சூதாட்டம் என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள், சூதாட்ட விடுதிக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவராவது விதியைச் சுவரில் எழுதி மாட்டுகிறார்’ என்று முடித்தார். கம்ப்யூட்டர் பெட்டி முழுக்க வண்ண விளக்கு பூட்டியவர்களிடம், விளக்கால் வேகம் கூடுமென்றால் தெருவிளக்குக் கம்பம் இந்நேரம் பக்கத்து ஊருக்குப் போயிருக்கும் என்றார். பிடித்த விளையாட்டு ஒன்றுதான்: கப்பலில் சரக்கு ஏற்றும் ஒரு பழைய விளையாட்டு. பாரம் ஒருபக்கம் கூடினால் கப்பல் சாயும். தோற்றால் ஏன் தோற்றோம் என்று தெரியும். ஒரு விளையாட்டிடம், ஓர் அரசாங்கத்திடமும்கூட, அதற்கு மேல் என்ன கேட்க முடியும் என்பார்.

அவருடைய புகழ்பெற்ற கட்டுரை ‘இருபதுக்குப் பத்து’. தங்கமுலாம் பூசிய ஒயரில் படம் தெளிவாகத் தெரியும் என்று ஒரு கூட்டம் சத்தியம் செய்துகொண்டிருந்தது. அவர் மனைவி, பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவர், அவரும் அதை நம்பினார். இவர் தங்க ஒயரையும் சாதா ஒயரையும் மாற்றி மாற்றி மாட்டி, எது எது என்று மனைவியை இருபது முறை சொல்லச் சொன்னார். பத்து சரி, பத்து தப்பு. ‘காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதுதான் வந்திருக்கும், ஆனால் காசு தன் பதிலைப் பற்றி இவ்வளவு உறுதியாக இருந்திருக்காது’ என்று எழுதினார். மனைவி ஒரு வாரம் பேசவில்லை.

பின்னறையில் அவர் பெருமைப்பட்ட சாதனம் ஒன்று இருந்தது. அலுமினியப் பலகை ஒன்றில் கார் முகப்பு விளக்கு பல்புகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஐம்பத்தைந்து வாட். கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற பவர் சப்ளை என்கிற இரும்புப் பெட்டியைச் சோதிக்க அவரே செய்தது. பெட்டியில் அறுநூற்றைம்பது வாட் என்று போட்டிருந்தால் அது பன்னிரண்டு பல்பையும் ஒரு மணி நேரம் தாங்கவேண்டும். பாதியில் மூச்சு வாங்கினால் பொய். இதில் வாதாட ஒன்றுமில்லை. சோதனை நடக்கும்போது அறை அடுப்பாகக் கொதிக்கும். மழைக்காலத்தில் மனைவி ஈரத்துணிகளைக் கொண்டுவந்து அங்கே கொடி கட்டுவார்.

“இன்னிக்கு எத்தனை பல்பு?”

“பத்து.”

“அப்ப பெட்ஷீட்டையும் போட்டுடறேன்.”

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு நாள் கடிதம் வந்தது.

எழுதியது பவர் சப்ளை செய்யும் ஒரு நிறுவனம். ‘இருபதுக்குப் பத்து கட்டுரையை எங்கள் பொறியாளர்கள் தங்கள் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். கோட்டை 650 என்ற எங்கள் புதிய பெட்டியை முதலில் உங்கள் பல்புகள் சோதிக்கவேண்டும் என்று விரும்புகிறோம். பாராட்ட வேண்டாம். உண்மையை எழுதுங்கள்.’ கடிதத்தோடு பெட்டியும் வந்துவிட்டது.

கடையில் தானே காசு கொடுத்து வாங்கியதைத்தான் சோதிப்பது என்பது பதினோரு வருட விதி. அதை அவர் மறக்கவில்லை. ஆனால் பதினோரு வருடத்தில் அந்தத் தொழிலில் இருக்கிற யாரும் அவரை மனிதராக மதித்து ஒரு வரி எழுதியதில்லை. சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம். அந்தச் சுவரை அவர் இரண்டு நாள் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டே ஜீப்பில் போனார்.

“தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. உங்களுக்குப் பல்லு மட்டும்தானே தெரியும், புடிச்சுப் பாருங்க,” என்றார் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலை பன்னிரண்டு பல்பும் எரிந்தன. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். மின்னழுத்த முள் பன்னிரண்டு வோல்ட்டை விட்டு அசையவில்லை. விசிறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு குழந்தையைப் போலச் சிரித்தார். எல்லா அளவுகளையும் எழுதினார். தொழில் பழக்கத்தில் பெட்டியை ஒயரோடு தராசில் வைத்து எடையையும் குறித்தார்: ஒரு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது கிராம். கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தார்: ‘இந்த விலையில் இதைவிட நேர்மையான பெட்டியை நான் பார்த்ததில்லை.’

கட்டுரை காட்டுத்தீயாகப் பரவியது. கறாரான ஆள் பாராட்டினால் சும்மாவா? இரண்டு மாதத்தில் அந்த வாக்கியம் கோட்டை 650-இன் அட்டைப்பெட்டி மேலேயே, மஞ்சள் எழுத்தில், ‘— தராசு’ என்ற கையொப்பத்தோடு அச்சாகி வந்தது. அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றிருப்பார் என்பதுதான் வெட்கக்கேடு.

அதோடு நின்றால் பரவாயில்லை. மனைவியின் தம்பி ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். சின்னக் கடை, ஆள் நடமாட்டத்தைவிட விசிறியின் நடமாட்டம் அதிகம். ‘தராசுவின் மச்சினன்’ என்று கேள்விப்பட்ட நிறுவனம், அந்தப் பகுதி முழுவதற்கும் கோட்டை 650-ஐ விற்கிற உரிமையை அவருக்கே கொடுத்தது. கடைக்குப் புதுப் பலகை வந்தது. கடையில் உட்கார ஒரு பையன் வேலைக்கு வந்தார். மச்சினன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ‘மாமா, மாமா’ என்று வாய் ஓயவில்லை.

ஏழு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு, எடை அளவு அலுவலக ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெண் துணிப்பையோடு வந்து நின்றார். முப்பது வயதிருக்கும்.

“இங்க தராசுன்னு ஒருத்தர்…”

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். “இங்க எல்லாமே தராசுதாம்மா. எதை முத்திரை போடணும்?”

“கம்ப்யூட்டர் பத்தி எழுதறவர். கடைக்காரர் சொன்னாரு, எங்க மாமாதான் எழுதினதுன்னு. இந்த ஆபீஸ்னு அவருதான் சொன்னாரு.”

அவர் எழுந்து வந்தார். அந்தப் பெண் பையிலிருந்து கோட்டை 650-ஐ எடுத்து ஜன்னல் பலகையில் வைத்தார். ஒருபக்கம் கருகியிருந்தது. கருகிய பிளாஸ்டிக் வாடை, பத்து நாள் ஆகியும் போகவில்லை.

திரைப்படங்களுக்கும் பாடங்களுக்கும், காது கேளாதவர்கள் படிப்பதற்காகக் கீழே வசன வரிகள் ஓடுமே, அதை எழுதுவது அந்தப் பெண்ணின் தொழில். வீட்டிலிருந்தே வேலை. பெட்டி வெடித்தபோது மேஜையில்தான் இருந்தார். சின்னதாக ஒரு ‘டப்’; அவ்வளவுதான். பெட்டி செத்ததோடு விடாமல், கம்ப்யூட்டருக்குள் இருந்த அத்தனையையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. பாதி முடிந்த ஒரு தொடர். அதைவிட, மூன்று வருடமாகச் சேர்த்த சொற்பட்டியல் ஒன்று: மழையின் சத்தத்துக்கு என்ன எழுதுவது, கதவு முனகுவதற்கு என்ன, தூரத்து நாய்க்கு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தேர்ந்த நாலாயிரம் சொற்கள்.

“இன்னொரு பிரதி எடுத்து வைக்கலையாம்மா?”

“வெச்சிருந்தேன் சார். உள்ளேயே ரெண்டாவது டிஸ்க்ல. ஒரு டிஸ்க்கை நம்பாதீங்க, ரெண்டு போடுங்கன்னு நீங்க எழுதியிருந்தீங்க. அதைப் படிச்சுதான் போட்டேன். ரெண்டும் போயிடுச்சு.”

அவருடைய வாய்க்கு வேலையில்லாதபோது கை தன் வேலையைச் செய்தது. பெட்டியை எடுத்து, பக்கத்திலிருந்த அலுவலகத் தராசில் வைத்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். முள் நின்ற இடத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

ஒரு கிலோ முந்நூற்றுப் பத்து.

“என்ன சார்?”

“ஒண்ணுமில்லம்மா,” என்றார். பிறகு, “இல்ல, நிறைய இருக்கு. இதை ரெண்டு நாள் இங்க விட்டுட்டுப் போறீங்களா?” என்றார்.

பவர் சப்ளைக்குள் எடை என்பது செப்புக் கம்பிச் சுருளும், சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடும்தான். அறுநூற்று முப்பது கிராம் குறைகிறது என்றால் நெருப்பில் எரிந்துபோன எடை இல்லை அது. உள்ளே வைக்காமலே விட்ட செம்பு.

சாப்பாட்டு நேரத்தில் மச்சினன் கடைக்குப் போனார். கடைப் பையன் மேல் அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். இவர் வாங்கவில்லை. குனிந்து, அடுக்கின் நடுவிலிருந்து தானே ஒன்றை உருவினார். குனியும்போதுதான், அந்தக் குனிந்த நிலையிலேயே, தான் செய்தது என்ன என்று அவருக்கு முழுசாகப் புரிந்தது. துணியில் சுற்றி வைத்த கல்லை அவர்கள் நீட்டினார்கள். இருபத்திரண்டு வருடம் யாரிடமும் வாங்காதவர், கையேந்தி வாங்கிக்கொண்டார். வாங்கியதற்குச் சான்றிதழும் எழுதிக் கொடுத்தார்.

கடைக்கு எதிரே காய்கறி விற்கும் பெண்மணி ஒருவர் தராசோடு உட்கார்ந்திருந்தார். போன மாதம்தான் அவருக்கு இருபது கிராம் குறைவுக்காக அபராதம் போட்டார்கள். முத்திரை குத்தியது இவரே. அட்டையைப் பிரித்து பவர் சப்ளையை எடுத்துக்கொண்டு போய் நின்றார்.

“என்ன சாரே, இன்னிக்கும் எனக்கா? போன மாசம் தண்டம் கட்டி வாங்கின தராசு இது. உங்க முத்திரைகூட இன்னும் காயல.”

“தராசைப் பாக்க வரலம்மா. இதை நிறுத்துச் சொல்லுங்க.”

“இரும்பா? இரும்புக் கடை அந்தப் பக்கம்.” சொல்லிக்கொண்டே தட்டில் வைத்தார். “ஒண்ணு முந்நூத்தி அஞ்சு. அஞ்சு கிராமை விட்டுக் குடுக்கட்டுமா, இல்ல அதுக்கும் தண்டமா?”

அன்று மாலை பின்னறையில் பல்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டினார். ஐந்தாவதில் முள் இறங்கத் தொடங்கியது. ஏழாவதில் வாடை வந்தது. எட்டாவது பல்பை அவர் மாட்டவில்லை. அறுநூற்றைம்பது என்று போட்ட பெட்டி முந்நூற்றைம்பதுக்கே நாக்குத் தள்ளியது. சுமை தாங்காவிட்டால் தானே அணைந்துகொள்ளும் காப்புச் சுற்று என்று ஒன்று உண்டு. உள்ளே அதற்கான இடம் இருந்தது, பாகம் இல்லை.

மச்சினனை வரச் சொன்னார். அவர் வந்து, மேஜைமேல் பிளந்து கிடந்த இரண்டு பெட்டிகளையும் பார்த்தார்: நிறுவனம் அனுப்பியது ஒன்று, கடையில் எடுத்தது ஒன்று. மூடியை மூடிவிட்டால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது.

“ரெண்டு மூணு திரும்பி வந்துச்சு மாமா. மாத்திக் குடுத்துட்டேன். எந்தப் பொருள்லயும் நாலு சொத்தை வரும்.”

“இது சொத்தை இல்ல மாப்ள. இதுதான் காய். எனக்கு அனுப்பினதுதான் சொத்தை. தப்பித் தவறி நல்லா இருந்துட்டது.”

“சரி, என்ன செய்யணுங்கிறீங்க?”

“எழுதப் போறேன்.”

மச்சினன் கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்தபடி பேசினார். “அக்கா, கடை பூரா இதுதான் கிடக்கு. உரிமை வேணும்னு மத்த கம்பெனிய எல்லாம் விட்டுட்டேன். மாமா எழுதினாரு, நான் நம்பினேன். இப்ப மாமா எழுதினா நான் எங்க போவேன்? ஒரு ரெண்டு மாசம். இருக்கறது வித்துடட்டும். அப்புறம் எழுதட்டும்.”

“வித்தா யார் வீட்ல வெடிக்கும்?” என்றார் இவர்.

“எல்லாமா வெடிக்கப் போகுது? பாதிப் பேர் வீட்ல அஞ்சு பல்பு அளவுக்குத்தான் ஓடும். நீங்கதானே எழுதினீங்க, ஜனங்க தேவைக்கு மேல வாங்கறாங்கன்னு.”

எழுதியிருந்தார்தான். ஒருவன் எழுதியதெல்லாம் ஒருநாள் அவனுக்கு எதிராகச் சாட்சிக்கூண்டில் ஏறும். மச்சினன் செருப்பை மாட்டிக்கொண்டு போய் வெகுநேரம் கழித்து, மனைவி கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார்:

“அவன் கடை மூடினா நான் உங்களைத்தான் கேப்பேன். அதை இப்பவே சொல்லிடறேன்.”

“ம்.”

“இன்னொண்ணும் சொல்றேன். இருபதுக்குப் பத்துன்னு என் மானத்தை ஊருக்கே எழுதினீங்க. அப்ப உங்க கை நடுங்கல. இப்ப மட்டும் ஏன் ரெண்டு மணி நேரமா வெறும் கீபோர்டைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?”

எழுதுவதற்கு முன் ஒரு முறை, தன் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறதே என்ற நப்பாசையில், மறுநாள் ஆய்வாளரிடம் இரண்டு பெட்டிகளையும் கொண்டுபோய் வைத்தார்.

“வாட்டு நம்ம சட்டத்துல வராதுப்பா. நமக்குக் கிலோ, லிட்டர், மீட்டர். அவ்வளவுதான்.”

“எடையும் குறையுது சார். அறுநூத்தி முப்பது கிராம்.”

ஆய்வாளர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அட்டையில எடை போட்டிருக்கானா?”

“இல்ல.”

“எடை போடாத பெட்டியில எடை எப்படிக் குறையும்? போட்டிருந்தாத்தானே குறையும்? இங்க என்னமோ போட்டிருக்கான் பாரு… ‘இதைவிட நேர்மையான பெட்டி’… யாருப்பா இந்தத் தராசு? அவனைப் புடி முதல்ல.”

அலுவலகம் சிரித்தது. ஆய்வாளருக்கு விவரம் தெரியாது. தெரிந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். இருபது கிராமுக்காக ஒரு பெண்மணியின் ஒரு வார வரும்படியைப் பிடுங்கத் தெரிந்த சட்டத்துக்கு, முந்நூறு வாட்டைத் திருடியவனின் முகவரி தெரியவில்லை. சட்டத்துக்குக் கண் தெரியாது என்பார்கள். அது பொய். நன்றாகத் தெரிகிறது, குனிந்து பார்க்கத் தெரிகிறது, நிமிர்ந்து பார்க்கத்தான் தெரியவில்லை.

அன்றே எழுதினார். மழுப்பவில்லை. ‘கல்லை நான் எடுக்கவில்லை, நீட்டியதை வாங்கினேன்’ என்று தொடங்கினார். இரண்டு எடைகளையும், பல்புக் கணக்கையும், இரண்டு பெட்டிகளின் உள்படங்களையும் போட்டார். பாராட்டித் தான் எழுதிய வாக்கியத்தைத் திரும்பப் பெறுவதாகவும், அது அச்சிட்ட பெட்டிகளை யாரும் வாங்கவேண்டாம் என்றும், ஏற்கெனவே வாங்கியவர்கள் அதன் மின்இணைப்பைக் கழற்றிவிட வேண்டும் என்றும் முடித்தார்.

பிறகு நடந்ததைச் சொல்ல நாக்கு கசக்கிறது.

மன்றத்தின் நெற்றியில் நிறுவனத்தின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மன்றத்தலைவர் பழைய பாராட்டுக் கட்டுரையை முதல் பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டுப் புதியதைப் ‘பொது அரட்டை’ என்ற மூலைக்குத் தள்ளினார். பூனைப் படங்களுக்கும் ஜலதோஷ வைத்தியத்துக்கும் நடுவே அது போய் உட்கார்ந்தது. முதல் கட்டுரையைப் படித்தவர்கள் எண்பதாயிரம் பேர். இதைப் படித்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம். நிறுவனம் மூன்று வரியில் பதில் சொன்னது: ‘வாடிக்கையாளர் வசதிக்காகத் தொடர்ந்து மேம்படுத்தி வருகிறோம். புதிய வடிவம் எடை குறைந்தது.’ அவர் சாட்சியாக வைத்த எண்ணையே எடுத்துச் சிறப்பாகச் சூடிக்கொண்டது. அடுத்து வந்த அட்டைகளில் ‘இப்போது முப்பது சதவீதம் எடை குறைவு’ என்ற வரி சேர்ந்தது. அதன் கீழேயே அவருடைய பழைய வாக்கியமும் நின்றது.

படித்த முந்நூறு பேராவது நம்பினார்களா? ‘அப்போது அவர்களிடம் வாங்கினார், இப்போது போட்டியாளரிடம் வாங்கியிருக்கிறார்’ என்றார் ஒருவர். ‘வயசாச்சு, பல்பு ஃபியூஸ்’ என்றார் இன்னொருவர். ‘என் கோட்டை ஆறு மாதமாக ஓடுகிறது, எனவே பொய்’ என்றார் மற்றொருவர்; தன் வீடு எரியவில்லை என்பதால் நெருப்பே இல்லை என்கிற தர்க்கம். பகுத்தறிவு என்பது அடுத்தவரைச் சந்தேகப்படுவது மட்டும்தான் என்று நினைக்கிற கூட்டத்தை அவர்தான் பதினோரு வருடமாக வளர்த்தார். அது இப்போது வளர்த்த கையைக் கடித்துச் சோதித்துப் பார்த்தது.

மச்சினன் கடையை மூடவில்லை. விலையைக் குறைத்தார். கடை வாசலில் ‘தராசு பாராட்டிய பெட்டி, சலுகை விலையில்’ என்று எழுதி மாட்டினார். இவர் போய்க் கேட்டார்.

“அது பொய்னு உனக்குத் தெரியும்.”

“நீங்க பாராட்டினது பொய்யா மாமா? பாராட்டினீங்களே. தேதி போட்டு இருக்கே.”

அதன்பிறகு இவர் மச்சினன் வீட்டுப் படி ஏறவில்லை. மனைவி தம்பி வீட்டுக்குத் தனியாகப் போய்த் தனியாக வருகிறார். பின்னறையில் துணி உலர்த்துவதில்லை.

ஒரு சனிக்கிழமை பகலில், நிறுவனம் அனுப்பிய அந்த முதல் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வசன வரி எழுதும் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனார். மூன்றாவது மாடி, ஒற்றை அறை. ஜன்னலோரம் மேஜை, அதன்மேல் வெறும் திரை. அந்தப் பெண் செல்போனில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சொற்பட்டியலை ஒன்றிலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். நூற்றுப் பதினேழாவது சொல்லில் இருந்தார்.

“நீங்க எழுதினதைப் படிச்சேன் சார்,” என்றார். நன்றி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

“இது அவங்க எனக்கு அனுப்பினது. கோட்டை 650-லயே நல்ல பெட்டி இது ஒண்ணுதான் இருக்கும். உங்க மிஷின்ல மாட்டிக்குங்க. மத்த பாகம் எல்லாம் என்கிட்ட பழசு இருக்கு, நானே கொண்டாந்து சேத்துத் தரேன்.”

அந்தப் பெண் பெட்டியைப் பார்த்தார். தொடவில்லை.

“நல்லதுன்னு யார் சொல்றது?”

“நான்…” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

“இதையும் உங்க வார்த்தையை நம்பித்தானே சார் மாட்டணும்?”

அறையில் கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனத்துக்கு அந்தப் பெண்ணின் பட்டியலில் என்ன சொல் இருந்தது, அது எரிந்துபோனதா என்று தெரியாது. பிறகு அந்தப் பெண்ணே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“கீழ மளிகைக் கடையில தராசு இருக்கு. வாங்க.”

மாடிப்படியில் இருவரும் இறங்கினார்கள். கடையில் அந்தப் பெண்தான் பெட்டியைத் தட்டில் வைத்தார். அவரை வைக்க விடவில்லை. முதலில் வெறும் தட்டு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு முள் ஆடி நிற்கும்வரை காத்திருந்து, உரக்கப் படித்தார்.

“ஒரு கிலோ, தொள்ளாயிரத்து நாற்பது.”

பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, “செவ்வாக்கிழமை மத்த பாகத்தைக் கொண்டு வாங்க. அதையும் நிறுத்துத்தான் வாங்குவேன்,” என்று சொல்லிவிட்டுப் படியேறினார். பதினோரு வருடத்தில் அவர் எழுதியதைச் சரியாகப் புரிந்துகொண்ட வாசகர் ஒருவர் இருந்தார் என்பது அந்தக் கடை வாசலில் அவருக்குத் தெரிந்தது. அதற்குக் கொடுத்த விலை அவருடையது அல்ல, அந்தப் பெண்ணுடையது. அதனால் அதில் சந்தோஷப்படவும் அவருக்கு உரிமை இல்லை.

அந்தப் பெட்டி இன்னும் கடைகளில் இருக்கிறது. மஞ்சள் எழுத்தும் இருக்கிறது. ஒரு தனி மனிதரின் திருத்தம் எந்த அட்டையிலும் அச்சாகாது. ஆகவே, அதை வாங்கப் போகிறவரே, இதையும் நம்பிவிடாதீர்கள். கடைக்காரர் நீட்டுவதை வாங்காதீர்கள். குனிந்து நடுவிலிருந்து நீங்களே ஒன்றை எடுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம், உள்ளே கை வைக்க வேண்டாம். அட்டையை மட்டும் பிரித்து, ஒயரோடு, பக்கத்துக் காய்கறிக் கடைத் தராசில் வையுங்கள். வந்த எடையை, வேறு ஒரு சொல்லும் சேர்க்காமல், அட்டையில் அந்த மஞ்சள் வாக்கியத்துக்குக் கீழே பேனாவால் எழுதி, அடுத்து வருகிறவர் கண்ணில் படும்படி அடுக்கிலேயே திருப்பி வையுங்கள்.